பூட்டுக் கார்டும் ஐந்து இருபது வண்டியும்

எனக்கு மூக்கு நுனியில் கோபம். வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்த்த வார்ப்பட ஆலையிலும் அப்படித்தான் சொன்னார்கள். கீபோர்டை ஈரத்துணியால் துடைத்த அம்மா, கணினியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு செல்போனுக்கு சார்ஜ் போட்ட ஸ்டோர்காரர், மானிட்டர் தலையில் டீ கிளாஸை வைத்த மேனேஜர் என்று நான் யாரையும் விட்டதில்லை. இருபத்து நான்கு வயது, ஆலை முழுவதற்கும் கணினி தெரிந்த ஒரே ஆள். தலைக்கனத்துக்கு வேறென்ன வேண்டும்? குதிரையின் குணமறிந்துதான் ஆண்டவன் கொம்பு கொடுக்கவில்லை என்று என் அம்மா சொல்வாள். எனக்குக் கொம்புக்குப் பதிலாக ஒரு ஸ்குரூ டிரைவர் கிடைத்திருந்தது.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அந்த ஆலையில் நான் ஒரே ஒரு தடவை வாயை மூடிக்கொண்டிருந்ததைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன்.

என் வீடு திருநின்றவூரில். தினமும் போய்வர முடியாது என்று, வாரத்தில் ஆறு நாள் கும்மிடிப்பூண்டியில் வேறு இரண்டு பெண்களோடு ஒரு வாடகை அறையில் இருந்தேன். ஆலை நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் இருந்தது. இந்தப் பக்கம் பழைய ஷெட்டும் ஆபீசும். அந்தப் பக்கம் புது ஷெட். முடிந்த வார்ப்படங்களை எக்ஸ்ரே எடுத்து, பெட்டியில் அடைத்து லாரியில் ஏற்றுவது அங்கே. இரும்புக்கும் எக்ஸ்ரே உண்டு. உள்ளே காற்றுக் குமிழியோ விரிசலோ இருந்தால் அதில் தெரிந்துவிடும். அந்தப் படங்கள் எல்லாம் ஆபீஸ் கணினிக்கு வந்துசேர்ந்து, 'வந்தது' என்று ஒரு நம்பர் திரும்பிப் போக வேண்டும். அந்த நம்பரை கேட் பாஸில் எழுதினால்தான் லாரி வெளியே போகலாம். எங்களிடம் வாங்குகிறவர்கள் போட்ட நிபந்தனை அது.

நெடுஞ்சாலையைத் தோண்டி கேபிள் போட அனுமதி கிடைக்கவில்லை. அதனால் இரண்டு கூரைகளிலும் ஒவ்வோர் ஆன்டெனா நட்டு, படங்களைக் காற்று வழியாக அனுப்பினோம். கீழே லாரிகள் ஆந்திரா பக்கம் போய்க்கொண்டிருக்கும், மேலே எங்கள் எக்ஸ்ரே படங்கள் சாலையைக் கடந்துகொண்டிருக்கும். கொஞ்ச நாளில் மேனேஜருக்குச் சந்தேகம் வந்தது.

"காத்துலதானே போவுது? பக்கத்து கம்பெனிக்காரன் புடிச்சிட்டான்னா?"

பிடிக்க முடியும்தான். அந்தக் காலத்து வயர்லெஸ்ஸுக்கு இருந்த பாதுகாப்பு, தாழ்ப்பாள் இல்லாத கதவு மாதிரி. அதனால் நான் புது ஷெட்டுக் கணினியில் வி.பி.என். என்ற மென்பொருளைப் போட்டேன். போகிற படங்களின் ஒவ்வொரு துண்டையும் சங்கேதமாக மாற்றிப் பூட்டி அனுப்பும். இந்தப் பக்கம் வந்ததும் சாவி போட்டுத் திறந்துகொள்ளலாம். நடுவில் யார் பிடித்தாலும் ஒன்றும் புரியாது. நானே படித்து நானே போட்டது. அன்றைக்கு டீ நேரத்தில் எல்லோருக்கும் நான்தான் சமோசா வாங்கிக் கொடுத்தேன்.

ஒரே ஒரு குறை. புது ஷெட்டுக் கணினி என்பது ஆபீஸில் கழித்துக்கட்டிய பழைய பெட்டி. ஒவ்வொரு துண்டையும் பூட்டுவதற்கு அது கணக்குப் போட வேண்டும். முன்பு இருபத்தைந்து நிமிடத்தில் போய்ச்சேர்ந்த படங்கள் இப்போது ஒன்றரை மணி நேரம் எடுத்தன. அப்போது அங்கே தற்காலிகமாக உட்கார்ந்திருந்தவருக்குச் சொந்தமாக பைக் இருந்தது; ஆறு மணிக்குக் கிளம்பினால் என்ன, ஏழு மணிக்குக் கிளம்பினால் என்ன. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கவலைப்படவில்லை.

அந்த நாற்காலியின் உண்மையான சொந்தக்காரி பிரசவ விடுப்பில் இருந்தாள். டெஸ்பேட்ச் கிளார்க். நான் அக்கா என்று கூப்பிடுவேன். கவரைப்பேட்டைக்காரி. அவளுடைய அப்பா அம்மா பிறத்தியார் வயலில் நாற்று நட்டவர்கள். நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியது அந்தக் குடும்பத்தில் அவள்தான் முதல் ஆள். தினமும் அந்த நாற்காலியைத் துடைத்துவிட்டுத்தான் உட்காருவாள். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. அதற்கு ஐந்து மாதம் ஆனபோது அக்கா வேலைக்குத் திரும்பினாள்.

வந்த முதல் வாரத்திலேயே சண்டை. மாலை ஐந்தேகாலுக்கு எனக்கு போன் போட்டாள்.

"இன்னாம்மா உன் மெசினு, மாடு அசை போடற மாதிரி போட்டுக்கினே கீது? எனுக்கு அஞ்சி இருவது வண்டி போயிடும்."

"பாதுகாப்பு வேணும்னா நேரம் ஆகத்தான்க்கா செய்யும். அடுத்த ரயிலுக்குப் போங்க" என்று வெடுக்கென்று சொல்லி போனை வைத்தேன்.

அப்புறம் என்னவோ மனசு கேட்காமல், சாலையைக் கடந்து அந்த ஷெட்டுக்குப் போனேன். அக்கா எனக்கு முதுகைக் காட்டி, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். மடித்த கைத்துண்டு ஒன்றை முந்தானைக்குள் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். நான் வந்ததைப் பார்த்து அவசரமாகப் புடவையை இழுத்துவிட்டாள். ஜாக்கெட் முன்பக்கம் நனைந்திருந்தது. பால் வாசனை வந்தது.

"பாலு கட்டிக்கினு வலிக்குதும்மா" என்றாள், ஏதோ தப்பு செய்தவள் மாதிரி. "பகல்ல நாத்தனாரு புள்ளைக்கு சங்குல ஊத்துவா, குடிச்சிக்கும். சாயந்தரம் ஆனா சங்க தட்டி உட்டுடுது. நா போறவரிக்கும் அழுதுக்கினே இருக்குதாம்."

கோபம் வந்தது, ஆனால் இந்தத் தடவை திட்டுவதற்கு என்னைத் தவிர யாரும் இல்லை. அந்தப் பூட்டைப் போட்டவள் நான்தானே.

"நாளையிலேர்ந்து பூட்டை எடுத்துடறேன்க்கா. ஒரு டிக்கை எடுத்தா போதும். யாருக்கும் தெரியாது."

அக்கா தலையை ஆட்டினாள். "வேணாம். என் புள்ளைக்காவ நீ பொய் செஞ்சி, உன் வேல போச்சின்னா? அந்தப் பாவம் எனுக்கு வாணாம். நா பாக்கறேன், இன்னும் கொஞ்ச நாளு. முடியலைன்னா வேலைய உட்டுடறேன்."

அந்த நாற்காலியைத் துடைத்து உட்காருகிறவள் அப்படிச் சொன்னாள்.

இதற்கு ஒரு வழி இருந்தது. பூட்டுகிற வேலையை மட்டும் செய்வதற்கென்றே ஒரு கார்டு உண்டு. கணினிக்குள் செருகிவிட்டால், மென்பொருள் தன் பூட்டு வேலையை அந்தக் கார்டிடம் தள்ளிவிடும். கணினியின் மூளை சும்மா மற்ற வேலையைப் பார்க்கலாம். வீட்டு வேலை எல்லாவற்றையும் ஒருத்தியே செய்துகொண்டிருந்த இடத்தில், பாத்திரம் தேய்க்க மட்டும் இன்னொருத்தி வந்தால் எப்படி இருக்கும், அப்படி.

மேனேஜரிடம் கேட்டேன். "வேகமா அனுப்பி இன்னா பண்ணப் போற?" என்றார். அவரிடம் குழந்தை என்று சொல்லிப் பிரயோஜனமில்லை. ஆறு மணிக்குமேல் கிளம்புகிற லாரி எல்லாம் ஆந்திர எல்லையில் எளாவூர் செக்போஸ்ட் வரிசையில் மாட்டி, விடிகிற வரை நகராமல் நிற்கிறது என்றேன். அது உண்மையும்கூட. "அட, இத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?" என்று கையெழுத்துப் போட்டார்.

கார்டு வந்துசேர ஒரு மாதத்துக்குமேல் ஆனது. அந்த நாட்களில் அக்கா மெலிந்துபோனாள். ஐந்தேகால் ஆனால் கடிகாரத்தைப் பார்க்க மாட்டாள், வேண்டுமென்றே கேட் பாஸ்களை அடுக்கிக்கொண்டிருப்பாள். ஐந்து இருபது வண்டி ஹாரன் அடிக்கும்போது மட்டும் அவள் கை ஒரு நொடி நிற்கும். நான் பல நாள் அங்கே போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தேன். திரையில் பச்சைக் கோடு ஊர்வதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருப்போம். குழந்தை அன்றைக்குக் குப்புற விழுந்ததை நாத்தனார் பார்த்ததாகவும், தான் பார்க்கவில்லை என்றும் ஒருநாள் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

கார்டு வந்த நாள், ஆயுத பூஜைக்கு முந்தின நாள். நான் அன்றே மாட்டிவிட நினைத்தேன். மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஆலையில் புது சாமான் எதுவும் பூஜைக்குமுன் ஓடாது. பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி கழியும்வரை தொடவும் கூடாது. எனக்கோ வீட்டுக்குப் போகிற அவசரம். வெள்ளிநிறக் கவரில் இருந்த கார்டை அக்கா கையில் கொடுத்து, "சாமிகிட்ட வெச்சிடுங்கக்கா, பத்திரம்" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினேன்.

திரும்பி வந்து கவரைப் பிரித்தால், கார்டின் நடுவே கறுப்புச் சில்லின்மேல் அழகாக ஒரு குங்குமப் பொட்டு. எனக்குச் சுர்ரென்றது. முணுமுணுத்துக்கொண்டே ஊதி, துப்பட்டா நுனியால் துடைத்துவிட்டு, கார்டைச் செருகி, மூடியைத் திருகினேன். அதோடு வந்த சி.டி.யைப் போட்டேன். வி.பி.என். திரையில் 'கார்டு இருந்தால் அதைப் பயன்படுத்து' என்று இருந்த இடத்தில் டிக் வைத்தேன். டிக் விழுந்தது. அக்காவிடம் பெருமையாக, "இன்னைக்கு அஞ்சு இருபது வண்டி உங்களுதுதான்" என்றேன்.

அன்றைக்கு ஆறு பத்துக்குத்தான் நம்பர் வந்தது.

மறுநாளும் அதேதான். நான் சென்னையில் கார்டு விற்றவருக்கு போன் போட்டுக் கத்தினேன். வேலை செய்யாத சாமானைத் தலையில் கட்டிவிட்டீர்களா என்று கேட்டேன். அவர் பொறுமையாக, "மேடம், ஒரு தடவ கழட்டி, தொடச்சி மாட்டிப் பாருங்களேன்" என்றார். "எனக்கு மாட்டத் தெரியாதுன்னு சொல்றீங்களா?" என்று அதற்கும் ஒரு கத்து. கழற்றிப் பார்க்கவில்லை. மூன்றாவது நாளும் கத்தினேன், கழற்றவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சொன்னவர்கள் ஆத்திரக்காரியையும் சேர்த்துத்தான் சொல்லியிருப்பார்கள்.

நான்காவது நாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், அக்கா ஒரு காகிதத்தை என்னிடம் நீட்டினாள். ரூல்டு பேப்பர். குண்டு குண்டான கையெழுத்து. 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று தொடங்கியது.

"இங்கிலீசுல எழுதணுமா, தமிழே போதுமா? நீ கொஞ்சம் பாத்து சொல்லு. நாளிக்கி குடுத்துடலாம்னு கீறேன்."

"அக்கா…"

"உம் மேல ஒண்ணும் இல்லம்மா. நீ இன்னா பண்ணுவ? நேத்து புள்ள என் மாரு மேலயே வாய வெக்க மாட்டேன்னு மொகத்த திருப்பிக்கிச்சி. அழுது அழுது தூங்கிட்டு இருந்துச்சி. பாலும் கொறஞ்சி போச்சி." அவள் குரல் உடையவில்லை. அந்தக் காகிதத்தின் மடிப்பை மட்டும் விரலால் நீவி நீவிச் சரி செய்துகொண்டிருந்தாள்.

நான் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டேன். கார்டை விற்றவன் மூஞ்சியிலேயே எறிகிறேன் பார் என்று நினைத்துக்கொண்டு ஸ்குரூ டிரைவரோடு புது ஷெட்டுக்குப் போனேன். அக்கா கேட் பக்கம் லாரிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தாள். மூடியைத் திறந்து, கார்டைப் பிடித்து இழுத்தேன். ஸ்லாட்டிலிருந்து பொடிப் பொடியாக என்னவோ உதிர்ந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

கார்டின் அடி விளிம்பில் பற்கள் மாதிரி வரிசையாகத் தங்க முலாம் பூசிய பட்டைகள் இருக்கும். அவைதான் கணினியைத் தொட்டுப் பேசும் இடம். அந்தப் பற்கள் ஒவ்வொன்றின் மேலும் சந்தனம். ஏனோதானோவென்று தெளித்தது இல்லை. மோதிர விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டு, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும், ஒரு பல்லைக்கூட விடாமல் வைத்தது. தங்க நிறத்தின்மேல் சந்தன நிறம் காய்ந்து படிந்திருந்ததால், டியூப்லைட் வெளிச்சத்தில் முதல் நாள் எனக்குத் தெரியவில்லை. பொட்டைப் பார்த்ததும் எரிச்சல்பட்ட அவசரத்தில் நான் மேற்கொண்டு பார்க்கவும் இல்லை.

கார்டு உள்ளே இருந்தும் கணினிக்கு அது இருப்பதே தெரியவில்லை. மென்பொருளும் சண்டை போடவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. கார்டு இல்லையா, சரி என்று பழையபடி தானே ஒவ்வொரு துண்டாகப் பூட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

அது யாருடைய விரல் என்று எனக்குத் தெரியும். பூஜை அன்று ஷெட்டில் கோலம் போட்டு, சந்தனம் கரைப்பது எப்போதும் அக்காதான். எந்தக் கார்டு அவளை வீட்டுக்குச் சீக்கிரம் அனுப்பும் என்று நான் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேனோ, அதைக் கவரோடு வைக்க அவளுக்கு மனசு வந்திருக்காது. வெளியே எடுத்து, ஒவ்வொரு பல்லாக வேண்டிக்கொண்டு வைத்திருக்கிறாள்.

கத்துவதற்கு வாய் தயாராகத்தான் இருந்தது. ஈரத்துணிக்கே ஊரைக் கூட்டியவள் நான். ஆனால் கையில் இருந்த கார்டிலிருந்து சந்தன வாசனை வந்தது. அழுகை வந்துவிட்டது. திறந்து கிடந்த கணினிக்குள் என் கண்ணீர் விழுந்துவிடப் போகிறதே என்று தலையைத் திருப்பிக்கொண்டேன்.

அக்காவின் மேஜை டிராயரில் பென்சிலும் ரப்பரும் இருக்கும். அந்த ரப்பரை எடுத்து, பற்களை மெதுவாகத் தேய்த்தேன். பென்சில் எழுத்தை அழிக்கிற அதே ரப்பர்தான் இதற்கும் நல்லது. எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். சந்தனம் சுருள் சுருளாக வந்தது. ஸ்லாட்டை ஊதிச் சுத்தம் செய்து, மாட்டி, மூடினேன். மேஜையைத் தட்டிவிட்டு, ரப்பரை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

நாலரைக்கு அக்கா படங்களை அனுப்ப ஆரம்பித்தாள். பச்சைக் கோடு ஓடியது. ஊரவில்லை, ஓடியது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நாலு ஐம்பத்திரண்டுக்கு நம்பர் வந்தது.

அக்கா அந்த நம்பரை கேட் பாஸில் எழுதி, லாரிக்காரரிடம் கொடுத்துவிட்டு, திரும்ப வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். என்ன செய்வதென்று தெரியாதவள் மாதிரி கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா உக்காந்துக்கினு? கெளம்புங்க!"

"இன்னாம்மா பண்ண?"

"லூசா இருந்துச்சுக்கா. கழட்டி மாட்டினேன், அவ்ளோதான்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அக்கா என்னையே ஒரு நொடி பார்த்தாள். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். சாலை ஓரமாக, ஒரு கையால் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஷேர் ஆட்டோவை நிறுத்தச் சொல்லிக்கொண்டே ஓடியது இப்போதும் எனக்குக் கண்ணில் இருக்கிறது. ஐந்து இருபது வண்டியின் ஹாரன் கேட்டபோது நான் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அன்று மாலையே கார்டு விற்றவருக்கு போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். என்ன கோளாறு என்று கேட்டார். என் கோளாறு என்றேன். மறுநாள் அக்கா ஒரு டப்பா நிறைய கேசரி கொண்டுவந்தாள். குழந்தை முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டதாம், அப்புறம் மடியிலேயே கிடந்ததாம். அந்த ரூல்டு பேப்பரை நாலாக மடித்து, டப்பாவுக்கு அடியில் எண்ணெய் ஒட்டாமல் இருக்க வைத்திருந்தாள்.

சந்தனத்தைப் பற்றி நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மேனேஜர் கேட்டபோதும் 'லூஸ்' என்றேன். வேண்டிக்கொண்டு வைத்ததே வினையாகிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தால் தாங்க மாட்டாள் என்று எனக்குப் பட்டது. ஒரு வருஷம் அந்த ரகசியத்தைக் காப்பாற்றினேன். என் வாய்க்கு அது பெரிய சாதனை.

அடுத்த ஆயுத பூஜைக்கு நான் வீட்டுக்குப் போகவில்லை. ஆலையில் இருந்தேன். எல்லோரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அக்கா தன் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். ஒன்றரை வயது நெருங்கியிருந்தது, கொலுசு, இரட்டைக் குடுமி. நான் கணினியின் மூடியை நன்றாகத் திருகி வைத்திருந்தேன், எதற்கும் முன்ஜாக்கிரதை. அக்கா குழந்தையின் விரலைச் சந்தனக் கிண்ணத்தில் தோய்த்து, கணினிப் பெட்டியின் மேல் ஒரு பொட்டு வைக்க வைத்தாள். குழந்தைக்கு ருசி கண்டுவிட்டது. பெட்டியின் பின்பக்கம், ஒயர்கள் செருகியிருக்கும் ஓட்டைகளை நோக்கி விரலை நீட்டியது.

"அங்க வாணாம் கண்ணு" என்றாள் அக்கா, அதன் கையைப் பிடித்துக்கொண்டு. "போன வருசம் அம்மா அப்புடித்தான் பல்லு பல்லா வெச்சி, பாவம், ஆன்ட்டி ரப்பர் போட்டு தேச்சி தேச்சி எடுத்துச்சி."

நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"தெரியுமாக்கா?"

"மறாநாளு தப்பா எழுதிட்டத அழிக்கலாம்னு ரப்பர எடுத்தேன். மஞ்சளா கீது. மோந்து பாத்தா, நா கரைச்ச சந்தனம்."

"ஏன்க்கா ஒரு வார்த்த சொல்லல?"

"நீ சொல்லலியே." அக்கா குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "எல்லாரையும் திட்றவ, என்னய மட்டும் திட்டாம உட்ட. அத்த கேட்டு ஏன் கெடுக்கணும்னு உட்டுட்டேன்."

நாங்கள் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தை, விரலில் மிச்சமிருந்த சந்தனத்தை என் மூக்கு நுனியில் வைத்தது. அன்று சாயந்தரம் வரை நான் அதைத் துடைக்கவில்லை.